ஆப்ஜெக்ட் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? சிமுலாவின் கதை

கேள்வி இதுதான்: "சி++, ஜாவா இரண்டும் கல்லூரியில் படித்தேன். பாடப்புத்தகத்தில் ஓரிடத்தில் முதல் ஆப்ஜெக்ட் ஓரியண்டட் மொழி சிமுலா என்று ஒரே ஒரு வரி வருகிறது. வேறொரு புத்தகம் ஸ்மால்டாக் என்கிறது. எது சரி? சிமுலாதான் முதல் என்றால், அதில் நிரல் எழுதிய ஒருவரைக்கூட நான் பார்க்காதது ஏன்?"

முதல் பாதிக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லிவிடலாம். சிமுலாதான் முதல். கிளாஸ் (பொருளின் வார்ப்பு), ஆப்ஜெக்ட் (அந்த வார்ப்பில் உருவாகும் பொருள்), இன்ஹெரிட்டன்ஸ் (ஒரு கிளாஸின் தன்மைகளை இன்னொரு கிளாஸ் பெறுவது), விர்ச்சுவல் (அப்படிப் பெற்ற செயலை மாற்றி எழுத முடிவது) என்று நீங்கள் தேர்வுக்குப் படித்த நான்கும் ஒரே மொழியில் ஒன்றாகச் சேர்ந்தது 1967-இல், நார்வேயின் ஆஸ்லோ நகரத்தில். ஸ்மால்டாக்கின் முதல் வடிவம் வந்தது 1972-இல். ஆனால் 'ஆப்ஜெக்ட் ஓரியண்டட்' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஸ்மால்டாக்கை உருவாக்கிய ஆலன் கே. பிள்ளை பிறந்தது ஆஸ்லோவில், பெயர் வைத்தது அமெரிக்காவில். புத்தகங்களில் வரும் குழப்பம் அதனால்தான்.

இரண்டாவது பாதிக்குக் கொஞ்சம் விரிவாகத்தான் சொல்ல வேண்டும். சிமுலா என்ற மொழி அதிகம் பரவவில்லை. அதைப் படித்துப் பார்த்த சிலர் அதற்குள் இருந்த எண்ணத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த எண்ணம் என்ன, ஏன் தோன்றியது என்று தெரிந்தால்தான் பரவிய விதமும் புரியும்.

கிறிஸ்டன் நிகார்ட் 1948-இல் கட்டாய ராணுவ சேவைக்காக நார்வேயின் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த வேலை, செல்லர் என்ற ஊரில் கட்டப்பட்டுவந்த நாட்டின் முதல் அணு உலைக்கான கணக்குகள். வழக்கமான சூத்திரங்களால் முடியாத இடத்தில் மாண்டி கார்லோ முறையைக் கையில் எடுத்தார்கள். அதாவது, நியூட்ரான்கள் ஒவ்வொன்றாக எங்கே போகும், எதில் மோதும் என்று தற்செயல் எண்களை வைத்து நடத்திப் பார்ப்பது. அதையும் கம்ப்யூட்டர் இல்லாமல், கையால் போட்டார்கள். அப்புறம் அவர் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் பக்கம் திரும்பினார். தொழிற்சாலையில் வேலைகள் எங்கே தேங்குகின்றன, எந்த இடத்தில் வரிசை நீள்கிறது என்பது போன்ற கேள்விகள் அவை. 1960-இல் ஆஸ்லோவில் இருந்த நார்வே கணினி மையத்துக்கு மாறினார்.

இத்தனை ஆண்டு அனுபவத்தில் நிகார்டுக்கு ஒன்று பிடிபட்டது. கணக்குப் போடுவதைவிட, எதைக் கணக்கிடுகிறோம் என்று சொல்வதுதான் கடினம். ஒரு தொழிற்சாலையை, அதில் ஒரே நேரத்தில் நடக்கும் நூறு வேலைகளோடு, தெளிவாக எழுதிக் காட்ட அவரிடம் மொழி இல்லை. மனிதர் படித்தாலும் புரிய வேண்டும், இயந்திரத்தில் கொடுத்தாலும் ஓட வேண்டும். அப்படி ஒரு மொழி வேண்டும் என்ற யோசனை 1961-இல் உருவானது. 1962 ஜனவரியில் அவர் எழுதிய ஒரு கடிதத்தில் அதைப் பற்றிய குறிப்பு இருக்கிறது.

ஆனால் அவர் கம்பைலர், அதாவது நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள், எழுதுகிறவர் அல்ல. அந்தக் குறையை நிரப்பியவர் ஓலே-யோஹான் டால். இவரும் அதே ராணுவ ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்தவர், நார்வேயின் தேர்ந்த நிரலாளர்களில் ஒருவர். நிகார்ட் உலகத்தைப் பார்த்துப் பேசுவார். டால் அதை இயந்திரத்துக்குள் எப்படி அடக்குவது என்று பார்ப்பார். இந்த இருவரில் ஒருவர் மட்டும் இருந்திருந்தால் சிமுலா வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

இவர்கள் விவாதிக்கும் விதத்தைப் பற்றி இருவருமே எழுதிவைத்த ஒரு நிகழ்ச்சி உண்டு. 1967 வசந்த காலம். கணினி மையத்தில் புதிதாகச் சேர்ந்த ஊழியர் ஒருவர் பதறிக்கொண்டு தொலைபேசி இணைப்பு தரும் பெண்ணிடம் வந்து, மாடி நடைவழியில் கரும்பலகைக்கு முன்னால் இரண்டு பேர் பயங்கரமாகச் சண்டை போடுகிறார்கள், என்ன செய்வது என்று கேட்டார். அந்தப் பெண் வெளியே வந்து சில நொடி காது கொடுத்துக் கேட்டுவிட்டு, பயப்பட வேண்டாம், டாலும் நிகார்டும் சிமுலாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றார்.

சரி, மொழிக்கு வருவோம். அதை எழுத ஓர் இயந்திரம் வேண்டுமே. அமெரிக்காவின் யூனிவாக் நிறுவனம் தன் புதிய 1107 கம்ப்யூட்டருக்கு ஐரோப்பாவில் வாடிக்கையாளர்களைத் தேடிக்கொண்டிருந்தது. 1962-இல் அவர்கள் நிகார்டை அமெரிக்காவுக்கு அழைத்தார்கள். அவர்கள் கம்ப்யூட்டரைக் காட்ட, இவர் சிமுலாவைக் காட்டினார். கடைசியில், கணினி மையத்துக்கு 1107-ஐப் பெரிய தள்ளுபடியில் தருவது, பதிலுக்கு மையம் சிமுலா கம்பைலரை எழுதித் தருவது என்று ஒப்பந்தமானது. இயந்திரம் 1963 ஆகஸ்டில் ஆஸ்லோவுக்கு வந்து சேர்ந்தது. ஒரு சிறிய நாட்டின் ஆராய்ச்சி மையத்துக்கு அந்தக் காலத்தில் அப்படி ஓர் இயந்திரம் கிடைத்தது பெரிய விஷயம்.

முதலில், அப்போது புழக்கத்தில் இருந்த ஆல்கால் 60 என்ற நிரல் மொழியின் மேல் கொஞ்சம் சேர்த்தால் போதும் என்றுதான் நினைத்தார்கள். ஆனால் ஆல்காலின் அடித்தளமே இடித்தது. ஆல்காலில் ஒரு புரொசீஜரை (பெயர் வைத்த நிரல் பகுதியை) அழைத்தால் அதற்கு மெமரியில் ஓர் இடம் கிடைக்கும். அது முடிந்ததும் அந்த இடம் போய்விடும். அடுக்கி வைத்த தட்டுகள் போல, கடைசியாக வைத்ததைத்தான் முதலில் எடுக்க முடியும். வரிசையில் நிற்கும் வாடிக்கையாளர்கள் அப்படி இல்லையே. முதலில் வந்தவர் முதலில் போவார், நடுவில் ஒருவர் விலகுவார், இன்னொருவர் மணிக்கணக்கில் காத்திருப்பார். ஒவ்வொருவருக்கும் ஒரு வாழ்நாள் உண்டு. அது இன்னொருவருடைய வாழ்நாளுக்குள் அடங்காது. எனவே டால் அந்த அடுக்கு முறையை விட்டுவிட்டு, எந்த நேரத்திலும் இடம் எடுக்கவும் திருப்பித் தரவும் முடிகிற புதிய மெமரி முறையை எழுதினார். இன்றைக்கு 'நியூ' என்று எழுதி ஹீப் என்ற மெமரிப் பகுதியில் ஓர் ஆப்ஜெக்டை உருவாக்குகிறீர்களே, அதன் ஆரம்பம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. நிரலை அழகாகப் பிரித்து எழுதலாம் என்ற எண்ணத்தில் ஆப்ஜெக்ட் உருவாகவில்லை. வரிசையில் நிற்கிறவர் தன் போக்கில் இருந்து தன் போக்கில் போக வேண்டும் என்ற தேவைதான் அதை உருவாக்கியது.

இன்னொரு திருப்பம் 1964 பிப்ரவரியில் வந்தது. அதுவரை அவர்கள் உலகத்தை இரண்டாகப் பிரித்திருந்தார்கள்: நகரும் வாடிக்கையாளர்கள், நின்ற இடத்தில் வேலை செய்யும் நிலையங்கள். விமான நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பயணி கவுண்ட்டர் கவுண்ட்டராகப் போகிறார் என்றும் சொல்லலாம். கவுண்ட்டரில் இருப்பவர் பயணிகளை ஒருவர் பின் ஒருவராக அனுப்புகிறார் என்றும் சொல்லலாம். எது செயல்படுகிறது, எது செயலுக்கு உட்படுகிறது என்பது பார்க்கிறவரைப் பொறுத்தது. அப்படியென்றால் இரண்டுக்கும் ஒரே கருத்து போதும். அதற்கு 'பிராசஸ்' என்று பெயர் வைத்தார்கள். தனக்கென்று தகவல், தனக்கென்று செயல், நடுவில் நின்று பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும் திறமை, இந்த மூன்றும் உள்ள ஒன்று. 1964 கடைசியிலும் 1965 தொடக்கத்திலுமாக சிமுலா 1 ஓடத் தொடங்கியது. பிறகு பரோஸ் பி5500 இயந்திரத்துக்கும், சோவியத் நாட்டின் யூரல்-16 இயந்திரத்துக்கும்கூட அது போய்ச் சேர்ந்தது.

சிமுலா 1-ஐ மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போதும், அதில் நிரல்கள் எழுதும்போதும் ஒரு தொல்லை திரும்பத் திரும்ப வந்தது. வேறு வேறு பிராசஸ்களில் பாதி பொதுவாக இருக்கும். அதை ஒவ்வொன்றிலும் மறுபடி எழுத வேண்டும். இதே காலத்தில் பிரிட்டிஷ் கணினி அறிஞர் டோனி ஹோர், பதிவுகளை (ஒன்றாகச் சேர்த்து வைத்த தகவல் தொகுப்புகளை) கையாளும் முறை பற்றி எழுதினார். ஒரு வகைப் பதிவுக்குள் துணை வகைகள் இருக்கலாம் என்றார். ஆனால் அவர் முறையில் துணை வகைகள் எல்லாவற்றையும் முதலிலேயே பட்டியல் போட வேண்டும். டாலும் நிகார்டும் அதைப் படித்தார்கள், பிடித்திருந்தது, ஆனால் அவர்கள் தேவைக்குப் போதவில்லை.

அவர்கள் கையில் இருந்த உதாரணம் ஒரு பாலமும் அதன் சுங்கச் சாவடியும். சாவடியில் வரிசை. வரிசையில் லாரி, பஸ், கார். வரிசையில் நிற்கிற எதற்கும் முன்னால் யார், பின்னால் யார் என்று தெரிந்திருக்க வேண்டும். லாரிக்குச் சுமை உண்டு, பஸ்ஸுக்குப் பயணிகள் உண்டு. ஆனால் வரிசையில் நிற்பது என்ற தன்மை மூன்றுக்கும் ஒன்றுதான். 1966 டிசம்பர், 1967 ஜனவரி வாக்கில் விடை கிடைத்தது. வரிசையில் நிற்கும் தன்மையை 'லிங்க்' என்ற பெயரில் தனி கிளாஸாக எழுதிவிடுவது. பிறகு லாரியை எழுதும்போது அதன் முன்னால் 'லிங்க்' என்ற சொல்லைச் சேர்ப்பது: லிங்க் கிளாஸ் லாரி. அவ்வளவுதான். லாரி ஆப்ஜெக்ட் உருவாகும்போது அடியில் லிங்க் என்ற அடுக்கும், மேலே லாரி என்ற அடுக்கும் ஒட்டி ஒரே பொருளாக வரும். லிங்க்கை எழுதியவர் லாரியைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கவே வேண்டாம். நாளைக்கு ஆம்புலன்ஸ் வந்தாலும் லிங்க்கில் ஓர் எழுத்தை மாற்ற வேண்டாம்.

இதை அவர்கள் அழைத்தது 'பிரிஃபிக்சிங்' என்று; நம் இலக்கணத்தில் முன்னொட்டு என்கிறோமே, அதே கருத்து. 'இன்ஹெரிட்டன்ஸ்' என்ற சொல் பிற்பாடு வந்தது. முன்னொட்டு என்பதே நல்ல பெயர் என்று எனக்குத் தோன்றும். வாரிசுரிமை என்றதும் அப்பா, பிள்ளை, குடும்ப மரம் என்று மனம் ஓடுகிறது. மாணவர்கள் தேவையில்லாமல் ஐந்தாறு தலைமுறைக்குக் கிளாஸ் எழுதிக் குழம்புகிறார்கள். முன்னொட்டு என்றால் ஒரு பொருளில் ஓர் அடுக்கைச் சேர்க்கிறோம் என்பது மட்டுமே நினைவுக்கு வரும்.

1967 மே மாதம் ஆஸ்லோவை ஒட்டிய லீசெபுவில் சிமுலேஷன் (நிஜ நிகழ்வுகளைக் கம்ப்யூட்டரில் நடத்திப் பார்ப்பது) மொழிகள் பற்றி ஒரு சர்வதேச மாநாடு நடந்தது. கிளாஸ், சப்கிளாஸ் இரண்டையும் அங்கே அறிவித்தார்கள். 'விர்ச்சுவல்' அந்த மாநாட்டுக்குப் பிறகு, கடைசி நேரத்தில் உள்ளே வந்தது. ஜூன் தொடக்கத்தில் மொழியின் பொது அடிப்படையை முடிவு செய்ய இன்னொரு கூட்டம். அதில் டாலும் நிகார்டும் இன்னும் ஒரு படி போக விரும்பினார்கள்: முழு எண் போன்ற சாதாரண டைப்புகளையும் (தகவல் வகைகளையும்) கிளாஸையும் ஒன்றாக்கிவிடலாம் என்றார்கள். கம்பைலர் எழுத வேண்டியவர்களுக்குக் காலம் தள்ளிப்போவதில் விருப்பமில்லை, யோசனை ஏற்கப்படவில்லை. ஜாவாவில் முழு எண்ணுக்கு 'இன்ட்' ஒரு பக்கம், 'இன்டீஜர்' ஒரு பக்கம் என்று இரண்டு இருப்பதைப் பார்த்து எரிச்சல் பட்டிருப்பீர்கள். அதே பிளவைத்தான் அந்த மேசையில் 1967-லேயே பேசினார்கள்.

சிமுலா 67 பற்றி எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. சிமுலேஷனுக்காகப் பிறந்த அந்த மொழியின் அடிப்படையில் சிமுலேஷன் இல்லை! வரிசைகளுக்கான 'சிம்செட்', நேரத்தை நகர்த்தும் 'சிமுலேஷன்' இரண்டுமே சிமுலாவிலேயே எழுத முடிகிற சாதாரண கிளாஸ்கள். உங்கள் நிரலுக்கு முன்னால் 'சிமுலேஷன்' என்று முன்னொட்டுச் சேர்த்தால் 'ஹோல்ட்' (குறித்த நேரம் காத்திருப்பது), 'ஆக்டிவேட்' (ஒரு பிராசஸை ஓட வைப்பது) போன்றவை கிடைக்கும். மொழிக்குள் புதைந்திருந்ததை வெளியே எடுத்து நூலகமாக வைக்க முடிந்தபோதுதான், கையில் இருப்பது பொதுமொழி என்று அவர்களுக்கே உறுதிப்பட்டது. முதலில் 'சிமுலேஷன் லாங்க்வேஜ்' என்பதன் சுருக்கமாக இருந்த பெயருக்கு, 'சிம்பிள் யூனிவர்சல் லாங்க்வேஜ்' என்று புது விரிவு கொடுத்தார்கள்.

அப்புறம் ஏன் பரவவில்லை? மொழியில் குறை இல்லை என்பதுதான் என் கருத்து. 1969-இல் கண்ட்ரோல் டேட்டா இயந்திரங்களுக்கும், 1970-களின் தொடக்கத்தில் யூனிவாக் 1108-க்கும், 1972-இல் ஐபிஎம் 360, 370-க்கும் கம்பைலர்கள் வந்தன. ஸ்வீடனின் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் டெக்-10 இயந்திரத்துக்கு எழுதிய கம்பைலர் நல்ல பெயர் வாங்கியது. ஆக, இயந்திரங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நார்வே கணினி மையம் கம்பைலரை விற்பனைப் பொருளாக வைத்தது. தன் செலவைத் தானே ஈட்ட வேண்டிய நிலை அதற்கு. அதே காலத்தில் சூரிச்சிலிருந்து நிக்லாஸ் விர்த்தின் பாஸ்கல் மொழி மிகக் குறைந்த செலவில் பல்கலைக்கழகங்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. மாணவர்கள் எதில் படிக்கிறார்களோ அந்த மொழிதான் அடுத்த இருபது ஆண்டு வாழும். பாஸ்கலுக்கு அது நடந்தது, சிமுலாவுக்கு நடக்கவில்லை. பெயரும் ஒரு தடை: இது சிமுலேஷன் செய்கிறவர்களுக்கான மொழி என்று மற்றவர்கள் தாண்டிப் போனார்கள்.

இனி அந்த எண்ணம் போன வழிகள்.

1966 இலையுதிர் காலத்தில் ஆலன் கே அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் புது மாணவர். அவர் மேசைக்கு ஒரு கட்டு டேப் வந்தது. 1108 இயந்திரத்துக்கான ஆல்கால், ஓட மாட்டேன் என்கிறது, ஓட வை என்று குறிப்பு. கூடவே இருந்த ஆவணங்களின் ஆங்கிலம் நார்வே மொழி வாடையில் இருந்ததால் ஒன்றும் விளங்கவில்லை. அவரும் இன்னொரு மாணவரும் நிரல் அச்சிட்ட தாளை நடைவழியில் எண்பது அடி நீளத்துக்கு விரித்து, அதன் மேல் தவழ்ந்து போய்ப் படித்தார்கள். கண்டுபிடித்ததை ஒருவருக்கொருவர் கத்திச் சொல்லிக்கொண்டார்கள். அது வெறும் ஆல்கால் இல்லை. ஆல்கால் கம்பைலரைத் திருத்திச் செய்த சிமுலா 1. கேயின் மனதில் அன்று விழுந்தது, பிறகு ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் ஸ்மால்டாக் ஆனது. ஆனால் அவர் சிமுலாவை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. ஆப்ஜெக்டுகளை ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் சின்னஞ்சிறு கம்ப்யூட்டர்களாகப் பார்த்தார். முதல் ஸ்மால்டாக்கில் இன்ஹெரிட்டன்ஸ் கிடையாது. அது 1976-இன் வடிவத்தில்தான் வந்தது.

இரண்டாவது வழி உங்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. டென்மார்க்கைச் சேர்ந்த பியார்ன ஸ்ட்ரூஸ்ட்ரூப், கேம்பிரிட்ஜில் முனைவர் பட்ட ஆய்வுக்காக, பல கணினிகளில் பிரிந்து ஓடும் அமைப்பு ஒன்றின் சிமுலேட்டரை சிமுலாவில் எழுதினார். எழுதுவது அவருக்கு இன்பமாக இருந்தது. நிரல் பெரிதாகப் பெரிதாக கிளாஸ்களும் டைப் சோதனையும் இன்னும் உதவின. ஓட்டுவதுதான் நரகம். ஓடும் நேரத்தில் எண்பது சதவீதத்துக்கு மேல், பயனில்லாத மெமரியைத் திரட்டும் வேலைக்கே போனது. ஆய்வை முடிக்க, எல்லாவற்றையும் பிசிபிஎல் என்ற கீழ்மட்ட மொழியில் மாற்றி எழுதினார். அது வேகமாக ஓடியது, ஆனால் எழுதுவது வேதனை. இந்த இரண்டு அனுபவமும் சேர்ந்துதான் 1979-இல் பெல் ஆய்வகத்தில் 'சி வித் கிளாசஸ்' தொடங்கக் காரணம். சிமுலாவின் ஒழுங்கு, சியின் வேகம். 1983-இல் அதற்கு சி++ என்று பெயர் வந்தது. கிளாஸ், நியூ, திஸ், விர்ச்சுவல் என்று நீங்கள் தட்டும் சொற்கள் சிமுலாவிலிருந்து வந்தவை. பின்னால் ஜாவா வந்தபோது, ஸ்ட்ரூஸ்ட்ரூப் விட்டுவிட்டுப் போன தானியங்கி மெமரி திரட்டலும் திரும்பிவந்தது. அந்த வகையில் ஜாவா, சி++-ஐவிட சிமுலாவுக்கு நெருக்கமான சொந்தம்.

மூன்றாவது வழியைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. 1972-இல் டாலும் ஹோரும் சேர்ந்து நிரல் அமைப்பைப் பற்றி எழுதிய கட்டுரை, டச்சு கணினி அறிஞர் டைக்ஸ்ட்ராவின் கட்டுரையோடு ஒரே நூலில் வந்தது. சிமுலா கம்பைலரைத் தொட்டே பார்க்காதவர்கள்கூட அதில் கிளாஸைப் படித்தார்கள். ஹோரும் பெர் பிரிஞ்ச் ஹான்சனும் உருவாக்கிய 'மானிட்டர்' (பகிரப்படும் தகவலை ஒரு நேரத்தில் ஒன்று மட்டுமே தொட விடும் அமைப்பு) என்ற கருத்து கிளாஸிலிருந்து கிளைத்தது; ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடத்தில் அதைப் படித்திருப்பீர்கள். அமெரிக்கக் கணினி அறிஞர் பார்பரா லிஸ்கோவின் சிஎல்யூ மொழியும் கிளாஸை முன்னால் வைத்து யோசித்ததுதான்.

நிகார்ட் மொழியோடு நின்றுவிடவில்லை. 1970-களில் நார்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து, தொழிற்சாலைக்குள் வரும் கம்ப்யூட்டரைப் பற்றித் தொழிலாளர்களே முடிவெடுக்கும்படி அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1994-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்வதை நார்வே மக்கள் வாக்கெடுப்பில் நிராகரித்தபோது, அந்த எதிர்ப்பு இயக்கத்தின் தலைவர் இவர்தான். டால், ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக நிரல்களின் சரித்தன்மையை நிறுவும் கணிதத்தில் ஆழ்ந்தார். கணினித் துறையின் மிக உயர்ந்த விருதான டியூரிங் விருது 2001-ஆம் ஆண்டுக்கு இருவருக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. 2002 ஜூன் 29-இல் டால் காலமானார். ஆறு வாரத்துக்குள், ஆகஸ்ட் 10-இல், நிகார்டும் போய்விட்டார்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சிமுலாவை இன்றும் ஓட்டிப் பார்க்கலாம். 'க்னூ சிம்' என்ற இலவசக் கம்பைலர் சிமுலா நிரலை சி மொழிக்கு மாற்றித் தருகிறது. அதை நிறுவிக்கொண்டு அந்தச் சுங்கச் சாவடியையே எழுதிப் பாருங்கள். வரிசையில் மட்டும் நிற்பதற்கு 'லிங்க்' போதும்; தானே நகர வேண்டியவற்றுக்கு, லிங்க்கின் மேல் கட்டப்பட்ட 'பிராசஸ்' வேண்டும். லாரிக்கும் காருக்கும் அதை முன்னொட்டாக வையுங்கள். சாவடியில் நிற்கும் நேரத்துக்கு 'ஹோல்ட்' போடுங்கள். ஜாவா படித்தவருக்கு ஒரு மாலைப்பொழுது போதும். வண்டிகள் ஒவ்வொன்றாக வந்து நிற்பதையும் போவதையும் திரையில் பார்க்கும்போது, எந்த வரிசையைப் பற்றி அந்த நடைவழியில் இருவரும் அப்படிக் கத்திக்கொண்டிருந்தார்கள் என்பது தெரியும்.